ஃபிளிப்டு (புதினம்)

ஃபிளிப்டு என்பது அமெரிக்க எழுத்தாளர் வெண்டலின் வான் டிரானென் எழுதிய இளையோர் காதல் புதினம் ஆகும். இது 2001 ஆம் ஆண்டில் ஆல்ஃப்ரெட் ஏ. நாஃப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வளரும் ஜூலி பேக்கர் என்ற சிறுமியும் பிரைஸ் லாஸ்கி என்ற சிறுவனும் மாறி மாறிச் சொல்வதாகக் கதை அமைந்துள்ளது. இரண்டாம் வகுப்பு தொடங்கவிருக்கும் கோடை விடுமுறையில் பிரைஸ் மீது ஜூலிக்கு ஏற்படும் ஒருதலைக் காதலும், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அவள் அதிலிருந்து விடுபடுவதும் இதன் மையக் கதையாகும். அவள் விலகத் தொடங்கும் அதே காலத்தில் அவன் அவளை விரும்பத் தொடங்குகிறான்.

இப்புதினத்தைத் தழுவி, ராப் ரெய்னர் இயக்கத்தில் இதே பெயரில் ஒரு திரைப்படம் 2010 இல் வெளிவந்தது.

பெயர்க்காரணம்

ஆங்கிலத்தில் 'ஃபிளிப்' என்ற சொல்லுக்குப் புரட்டுதல், தலைகீழாக்குதல் என்று பொருள். பேச்சு வழக்கில், ஒருவர் மீது தலைகால் புரியாத மோகம் கொள்வதையும் இச்சொல் குறிக்கும். இரண்டு பொருள்களும் கதைக்குப் பொருந்துகின்றன. நூலில் இரண்டு அத்தியாயங்களுக்கு இதே தலைப்பு இடப்பட்டுள்ளது. ஒன்று ஜூலி சொல்லும் முதல் அத்தியாயம். அதில் அவள் பிரைஸ் மீது காதல் கொள்கிறாள். மற்றொன்று பிரைஸ் சொல்லும் கடைசி அத்தியாயம். அதில் அவன் அவள் மீது காதல் கொள்கிறான். இருவருக்கும் ஒரே நிலை நேர்கிறது, ஆனால் ஒரே காலத்தில் நேரவில்லை. கதையின் சிக்கல் முழுவதும் இந்தக் கால இடைவெளியில்தான் உள்ளது.

நூலாசிரியர்

வெண்டலின் வான் டிரானென் 1965 இல் பிறந்தவர். முழுநேர எழுத்தாளர் ஆவதற்கு முன்பு உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் கணினி அறிவியலும் கற்பித்தவர். சாமி கீஸ் என்ற சிறுமியைத் துப்பறிவாளராகக் கொண்ட இவருடைய நூல் வரிசை 1998 முதல் 2014 வரை 18 நூல்களாக வெளிவந்தது. அவ்வரிசையின் முதல் நூலுக்கு, மர்மக் கதைகளுக்காக வழங்கப்படும் எட்கர் விருது சிறார் பிரிவில் கிடைத்தது. பதின்பருவத்தின் தொடக்கத்தில் உள்ள பிள்ளைகளின் பேச்சையும், வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் படும் சிறு அவமானங்களையும் நகைச்சுவையோடு எழுதுவது இவருடைய பாணி. ஃபிளிப்டு நூலிலும் இதைக் காணலாம்.

முதன்மைக் கதைமாந்தர்கள்

ஜூலி பேக்கர்: துணிவும் பிடிவாதமும் கொண்டவள். மரம் ஏறுவாள், கோழி வளர்ப்பாள், மனத்தில் பட்டதைச் சொல்வாள்.

பிரைஸ் லாஸ்கி: அழகான நீலக் கண்கள் உள்ளவன். யாரையும் நேருக்கு நேர் மறுத்துப் பேசத் துணியாதவன்.

செட் டங்கன்: பிரைஸின் தாய்வழித் தாத்தா. மனைவி ரெனேயின் மறைவுக்குப் பின் மகள் வீட்டில் வந்து தங்குகிறார்.

ரிக் லாஸ்கி: பிரைஸின் தந்தை. வெளித்தோற்றத்தைப் பெரிதாக மதிப்பவர். எதிர்வீட்டாரை ஏளனமாகப் பேசுபவர்.

ராபர்ட் பேக்கர்: ஜூலியின் தந்தை. கொத்தனார் வேலை செய்பவர். ஓய்வு நேரத்தில் இயற்கைக் காட்சிகளை ஓவியமாக வரைபவர்.

டேவிட்: ராபர்ட்டின் சகோதரர். பிறப்பின்போது ஏற்பட்ட மூளைப் பாதிப்பால் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்பவர்.

கேரட்: பிரைஸின் பள்ளி நண்பன்.

ஷெல்லி ஸ்டால்ஸ்: பள்ளியில் பலரும் விரும்பும் மாணவி, ஜூலிக்குப் போட்டியாகக் காட்டப்படுபவள்.

கதைச்சுருக்கம்

லாஸ்கி குடும்பம் புதிய வீட்டுக்குக் குடிவரும் நாளில், எதிர்வீட்டுச் சிறுமி ஜூலி சாமான் வண்டியில் தானாக ஏறி உதவி செய்ய வருகிறாள். பிரைஸ் அவளிடமிருந்து தப்பி ஓடுகிறான். அவள் துரத்திச் சென்று பிடிக்கும்போது இருவர் கைகளும் கோத்துக்கொள்கின்றன. அன்றே ஜூலி அவன் கண்களில் மயங்கிவிடுகிறாள். அவன் தன் கையைப் பிடித்ததாகவும், கூச்சம் மட்டுமே அவனைத் தடுப்பதாகவும் அவள் நம்புகிறாள். பிரைஸுக்கோ அது பல ஆண்டுகள் தொடரப்போகும் தொல்லையின் தொடக்கம். பள்ளியில் மற்றவர்களின் கேலி, அவளைத் தவிர்ப்பதற்கான தந்திரங்கள் என்று அவன் காலம் கழிகிறது. ஆறாம் வகுப்பில், ஜூலியை விலக்குவதற்காகவே ஷெல்லி ஸ்டால்ஸுடன் நெருக்கமாக இருப்பதுபோல் அவன் நடிக்கிறான். கேரட் அந்த இரகசியத்தை வெளியிட்டுவிட, திட்டம் தோல்வியில் முடிகிறது.

பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தருகே சைக்கமோர் என்னும் பெரிய மரம் ஒன்று உள்ளது. சிக்கிக்கொண்ட பட்டத்தை எடுக்க அதில் ஏறிய ஜூலி, உச்சியிலிருந்து தெரியும் காட்சியில் மனத்தைப் பறிகொடுக்கிறாள். அதன்பின் அம்மரம் அவளுடைய தனி இடமாகிறது. ஒரு நாள் அந்த மனையில் வீடு கட்டுவதற்காக மரத்தை வெட்ட ஆட்கள் வருகின்றனர். ஜூலி இறங்க மறுத்து, தன்னுடன் மரத்தில் ஏறுமாறு நண்பர்களை அழைக்கிறாள். பிரைஸ் மனம் சங்கடப்பட்டாலும் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறான். இறுதியில் தந்தை வந்து அவளை இறக்குகிறார், மரம் வெட்டப்படுகிறது. மகளின் துயரத்தைக் கண்ட தந்தை அம்மரத்தை ஓவியமாக வரைந்து அவளுக்குத் தருகிறார்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஜூலி பொரிக்க வைத்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. அண்டை வீட்டுப் பெண்மணிகள் அவற்றைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். பிரைஸின் வீட்டுக்கு மட்டும் ஜூலி இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பேக்கர் வீட்டு முற்றம் அசுத்தமாக இருப்பதால் முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்று லாஸ்கி குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு பிரைஸிடம் விடப்படுகிறது. அவனுக்கு அத்துணிவு இல்லை. காலையில் கதவருகே காத்திருந்து முட்டைகளை வாங்கி, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டு வருகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த இதனை ஒரு நாள் ஜூலி நேரில் கண்டுவிடுகிறாள்.

அந்த அதிர்ச்சியின் பின் அவள் தன் வீட்டு முற்றத்தைச் சீர்செய்யத் தொடங்குகிறாள். பிரைஸின் தாத்தா செட் துணைக்கு வருகிறார். மரத்துக்காக அவள் நடத்திய போராட்டம் பற்றிய செய்தியை நாளிதழில் படித்திருந்த அவர், தம் மறைந்த மனைவியின் துணிவை அவளிடம் காண்கிறார். தன்னிடம் அதிகம் பேசாத தாத்தா எதிர்வீட்டுப் பெண்ணுடன் சிரித்துப் பேசுவதைக் கண்டு பிரைஸ் குழம்புகிறான். அச்செய்தியைத் தானும் படித்துப் பார்க்கிறான். ஜூலியைப் பற்றிய அவன் எண்ணம் மாறத் தொடங்குகிறது.

முற்றம் பாழடைந்து கிடந்ததன் காரணமும் பின்னர் தெரியவருகிறது. பேக்கர் குடும்பம் வாடகை வீட்டில் வசிக்கிறது. மிஞ்சும் பணம் டேவிட்டின் பராமரிப்புக்குச் செல்கிறது. ஜூலி முதன்முறையாகத் தந்தையுடன் சென்று டேவிட்டைப் பார்த்து வருகிறாள். பிரைஸ் இச்செய்தியைப் பள்ளி நூலகத்தில் கேரட்டிடம் சொல்கிறான். ஜூலிக்கும் அதே குறை இருக்கும் என்ற பொருளில் கேரட் கேலி செய்கிறான். பிரைஸுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்து வைக்கிறான். மறைவில் இருந்த ஜூலி அதைக் கேட்டுவிடுகிறாள்.

லாஸ்கி வீட்டில் நடக்கும் இரவு விருந்துக்குப் பேக்கர் குடும்பம் அழைக்கப்படுகிறது. அங்கு ஜூலி, தான் நூலகத்தில் கேட்டதைப் பிரைஸிடம் நேரடியாகச் சொல்லி, இனி அவனுடன் பேசப்போவதில்லை என்கிறாள். விருந்து முடிந்து வீடு திரும்பும்போது, பிரைஸ் தனக்கு அந்நியனாகத் தோன்றுவதை அவள் உணர்கிறாள். கோபமும் தணிந்துவிடுகிறது.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரைக் 'கூடைப் பையன்கள்' என்று தேர்ந்தெடுத்து, உணவுக் கூடையுடன் மேடையேற்றி ஏலம் விடுவது அப்பள்ளியின் நிதி திரட்டும் வழக்கம். ஏலத்தில் எடுத்தவருடன் அம்மாணவன் மதிய உணவு உண்ண வேண்டும். ஜூலியிடம் பணம் இருந்தும் அவள் பிரைஸுக்காக ஏலம் கேட்கவில்லை. யாரும் கேட்காமல் நின்ற மற்றொரு மாணவனுக்காகக் கேட்கிறாள். பிரைஸை ஷெல்லியும் இன்னொரு மாணவியும் சேர்ந்து எடுக்கின்றனர். உணவு வேளையில் பொறுக்க முடியாமல் எழுந்து வரும் பிரைஸ், அனைவர் முன்னிலையிலும் ஜூலிக்கு முத்தம் கொடுக்க முயல்கிறான். அவள் விலகி ஓடிவிடுகிறாள்.

அடுத்த நாள்களில் அவன் தொலைபேசியில் அழைத்தும் கதவைத் தட்டியும் பார்க்கிறான். அவள் பேச மறுக்கிறாள். பின்னர் ஒரு நாள் அவன் அவள் வீட்டு முற்றத்தில் குழி தோண்டி ஒரு சைக்கமோர் கன்றை நடுகிறான். சன்னல் வழியே அதைப் பார்க்கும் ஜூலி, இவ்வளவு காலமும் அவனைத் தான் உண்மையில் அறிந்திருக்கவில்லை என்றும், ஒருவேளை இப்போது அறிந்துகொள்ள முயலலாம் என்றும் எண்ணுவதுடன் நூல் முடிகிறது.

கதைசொல்லும் முறை

நூலில் 14 அத்தியாயங்கள் உள்ளன. ஒற்றைப்படை அத்தியாயங்களைப் பிரைஸும் இரட்டைப்படை அத்தியாயங்களை ஜூலியும் சொல்கின்றனர். பெரும்பாலான நிகழ்வுகளை வாசகர் இரண்டு முறை படிக்கிறார்.

ஒருதலைக் காதலைப் பேசும் கதைகள் பொதுவாகக் காதலிப்பவரின் குரலில் மட்டும் அமைகின்றன. விரும்பப்படுபவர் அங்கு அடைய முடியாத உருவமாகவோ கல்நெஞ்சராகவோ தோன்றுவார். இப்புதினத்தில் அவருக்கும் குரல் உண்டு. முதல் அத்தியாயத்தைப் பிரைஸ் சொல்வதால், தான் கேட்காத அன்பு ஒருவர் மீது சுமத்தப்படும்போது ஏற்படும் நெருக்கடியை வாசகர் முதலில் அறிகிறார். அடுத்த அத்தியாயத்தில் ஜூலி பேசத் தொடங்கியதும், தொல்லையாகத் தெரிந்த செயல்கள் அனைத்தும் அவள் பார்வையில் அன்பாக இருந்தன என்பது புரிகிறது. எவருடைய கூற்றும் பொய்யன்று. ஆனால் ஒன்று மட்டும் போதுமானதாகவும் இல்லை. கைகள் கோத்துக்கொண்ட அந்த ஒரு கணத்தை அவன் தற்செயல் என்றும் அவள் அழைப்பு என்றும் கொள்வதே இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

கருப்பொருள்கள்

ஒருதலைக் காதலிலிருந்து மீளுதல்

எதிர்வீட்டுப் பையன் மனம் மாறி வந்ததால் ஜூலியின் காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது என்று இக்கதையைச் சுருக்கிச் சொல்வது உண்டு. கதையின் நிகழ்வு வரிசை அதற்கு இடம் தரவில்லை. பிரைஸ் வெளிப்படையாகத் தன் விருப்பத்தைக் காட்டுவதற்கு முன்பே ஜூலி தன் மயக்கத்திலிருந்து வெளியேறிவிடுகிறாள். அவளை மீட்டது அவனுடைய அன்பு அன்று.

அவள் மீளும் பாதை படிப்படியாக அமைந்துள்ளது. மரம் வெட்டப்பட்ட நாளில் அவன் துணை நிற்கவில்லை என்பதை அவள் மன்னிக்கிறாள். முட்டைகள் குப்பைக்குப் போனதைக் காணும்போது அவள் உழைப்பே அவமதிக்கப்பட்டதாக உணர்கிறாள். நூலகத்தில் அவன் சிரித்ததைக் கேட்கும்போது, தன் குடும்பத்தின் துயரம் அவனுக்குக் கேலிப்பொருளானதாக அறிகிறாள். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக அவள் காதலை முறிக்கவில்லை. ஒவ்வொன்றும் அவளை ஒரே கேள்விக்குக் கொண்டுவருகிறது: அந்தக் கண்களுக்கு அப்பால் அவனிடம் தான் விரும்பத்தக்கது என்ன இருக்கிறது?

மீட்சிக்கு மற்றொரு பக்கமும் உள்ளது. பிரைஸைப் பற்றி நினைத்த நேரத்தை ஜூலி வேறு செயல்களில் செலவிடத் தொடங்குகிறாள். முற்றத்தைத் திருத்துகிறாள், புல் விதைக்கிறாள், ஒரு முதியவரின் நட்பைப் பெறுகிறாள், தன் தந்தையின் சகோதரரைச் சென்று பார்க்கிறாள். அவனை மறக்க வேண்டும் என்று முடிவெடுத்து அவள் இவற்றைச் செய்யவில்லை. செய்யச் செய்ய அவன் அவளுக்குச் சிறியவனாகிறான். கூடைப் பையன்கள் ஏலத்தில் கையில் பணத்துடன் நின்றும் அவனைக் கேட்காதது இம்மாற்றத்தின் வெளிப்படையான அடையாளம்.

முழுமையைக் காணுதல்

ஜூலியின் தந்தை தம் ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது, மாடு, புல்வெளி, வெயில் என்று தனித்தனியாகப் பார்த்தால் அவை சாதாரணமானவை. ஒன்றுசேரும்போதே அழகு பிறக்கிறது என்ற கருத்தை விளக்குகிறார். மரத்தின் உச்சியில் அமர்ந்து ஊர் முழுவதையும் பார்க்கும்போதுதான் ஜூலிக்கு இது விளங்குகிறது. பின்னர் செட், மனிதர்களிடமும் இது பொருந்தும் என்றும், சிலர் தம் பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தவர்களாக இருப்பதும் உண்டு என்றும் அவளுக்கு உணர்த்துகிறார். பிரைஸின் கண்கள், சிரிப்பு, தலைமுடி என்று பகுதிகளையே விரும்பி வந்த ஜூலி, இதன்பின் அவனை முழு மனிதனாக எடைபோடத் தொடங்குகிறாள். காதலிலிருந்து விடுபடுவதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் செயலாக நூல் காட்டுவது இவ்வாறே.

கோழைத்தனமும் நேர்மையும்

பிரைஸ் தீயவனாகப் படைக்கப்படவில்லை. அவனுடைய குறை, 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லத் துணியாமை. அச்சொல்லைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் ஜூலிக்குச் சிறு வருத்தம் மட்டுமே ஏற்பட்டிருக்கும். சொல்லாமல் விட்டதால் இரண்டு ஆண்டுப் பொய் உருவாகிறது. ஒருதலைக் காதலில் விரும்பாதவருக்கும் ஒரு கடமை உண்டு. தெளிவாகவும் மதிப்புடனும் மறுப்பதே அது என்பதை முட்டை நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்துகிறது. பிறர் விருப்பத்தைக் கேட்காமல் அன்பைத் திணிப்பதில் தொடக்கத்தில் ஜூலி தவறுகிறாள். முடிவில், எல்லார் முன்பும் முத்தமிட முயலும் பிரைஸ் அதே தவற்றைச் செய்கிறான். ஆனால் கன்று நடும் செயலில் அவன் எதையும் கேட்கவில்லை. அவள் இழந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தான் என்பதை மட்டும் அது தெரிவிக்கிறது. அவள் மனம் சற்று இளகுவதற்கும் அதுவே காரணமாகிறது.

குடும்பமும் வகுப்பு வேறுபாடும்

இரண்டு வீடுகளுக்கும் இடையிலான பொருளாதார வேறுபாடு கதை முழுவதும் தொடர்கிறது. லாஸ்கி வீட்டின் புல்வெளி ஒழுங்காக வெட்டப்பட்டுள்ளது. உள்ளே ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசுவதில்லை. பேக்கர் வீட்டில் பணப் பற்றாக்குறை உண்டு, சண்டையும் உண்டு, ஆனால் எவரையும் கைவிடாத பிணைப்பு உள்ளது. டேவிட்டுக்கு நேர்ந்தது போலவே, பிறப்பின்போது பிரைஸின் கழுத்திலும் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. அது தளர்வாக இருந்ததால் அவன் தப்பினான் என்று தாத்தா அவனிடம் சொல்கிறார். தான் ஏளனமாகக் கருதிய குடும்பத்துக்கும் தனக்கும் இடையில் இருந்தது நற்பேறு மட்டுமே என்று அப்போது பிரைஸ் அறிகிறான். தந்தையின் ஏளனத்தைத் தானும் பின்பற்றி வந்ததை அவன் உணர்வது அவனுடைய மாற்றத்தின் தொடக்கமாகும்.

முடிவு

புதினத்தின் முடிவில் இருவரும் காதலர்களாவதில்லை. முத்தமோ உறுதிமொழியோ இடம்பெறவில்லை. ஜூலி எடுப்பது, அவனுடன் பேசிப் பார்க்கலாமா என்ற அளவிலான முடிவே. முன்பு அவனைக் கற்பனையில் உருவாக்கி நேசித்தவள், இம்முறை உண்மையான பிரைஸை அறிந்த பின்பே எதையும் தீர்மானிக்க விரும்புகிறாள். அவ்வாறு அறிந்த பின் அவனை மறுக்கும் உரிமையும் அவளிடமே உள்ளது.

திரைப்படம்

ராப் ரெய்னரும் ஆண்ட்ரூ ஷைன்மனும் திரைக்கதை எழுதிய திரைப்படம் 2010 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஜூலியாக மேடலின் கேரலும் பிரைஸாக காலன் மெக்காலிஃபும் நடித்தனர். தாத்தா செட் வேடத்தில் ஜான் மஹோனியும் ஜூலியின் தந்தையாக ஏய்டன் குவினும் நடித்தனர். நூலின் கதை குறிப்பிட்ட பழைய காலம் எதிலும் நிகழ்வதாகச் சொல்லப்படவில்லை. திரைப்படமோ அதனை 1957 முதல் 1963 வரையிலான காலத்துக்கு மாற்றியது. சில கதைமாந்தர்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. ஷெல்லி ஸ்டால்ஸ் ஷெரி ஸ்டால்ஸ் ஆனாள். ஒரே நிகழ்வை இரு பார்வைகளில் காட்டும் முறை, இருவரின் பின்னணிக் குரல்கள் வழியாகத் திரையிலும் பின்பற்றப்பட்டது. நூலில் ஜூலி சன்னல் வழியே பார்ப்பதுடன் கதை நிற்கிறது. படத்தில் அவள் வெளியே வந்து அவனுடன் சேர்ந்து மரக்கன்றுக்கு மண் அணைக்கிறாள்.

திரையரங்குகளில் இப்படம் பெரிய வசூலைப் பெறவில்லை. பின்னாளில் குறுந்தகடுகள் வழியாகவும் இணையம் வழியாகவும் பரவலாகப் பார்க்கப்பட்டது. குறிப்பாகச் சீனாவில் இளைஞர்களிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றது. படத்தைப் பார்த்த பின் நூலைத் தேடிப் படிப்பவர்கள், ஜூலியின் மனமாற்றம் அதில் இன்னும் மெதுவாகவும் விரிவாகவும் நிகழ்வதைக் காணலாம்.